நிறம் துடைக்கிற வேலை

என் வீட்டுக்காரர் எவர்சில்வரில் வெல்டிங் அடிப்பார். அதனால் எழும்புகிற நிறத்தை நான் துடைப்பேன். பம்மலில் எங்கள் ஷெட்டில் வேலைப் பிரிவினை இவ்வளவுதான். எழுதும்போது மரியாதையாக 'அவர்' என்கிறேன், நேரில் 'யோவ்'தான். அவருக்கு நான் 'இன்னாமே'. கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது, இதனால் யாரும் இளைத்துப் போய்விடவில்லை.

என்ன நிறம் என்று கேட்பீர்கள். எவர்சில்வர் தகடு இரண்டை ஆர்கான் வெல்டிங்கில் ஒட்டிப் பாருங்கள். தீ போன பாதையின் இரண்டு பக்கமும் நிறம் எழும்பி நிற்கும். ஓரத்தில் வைக்கோல் மஞ்சள், உள்ளே வர வரப் பொன், அப்புறம் கத்தரிப்பூ, அப்புறம் மயில் கழுத்து நீலம். யாரும் பெயின்ட் அடிக்கவில்லை, யாரும் எதையும் பூசவில்லை. சூடு பட்ட உலோகம் காற்றைப் பிடித்துத் தானே போட்டுக்கொள்கிற நிறம் அது. மழைத் தண்ணீரில் பெட்ரோல் சிந்தினால் ஒரு வானவில் ஓடுமே, அதே சங்கதி. வருஷக்கணக்கில் பார்த்தும் எனக்கு இது பழகவில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு நிமிஷம் வாயைப் பிளந்துகொண்டு நின்றுவிட்டுத்தான் கையுறையை மாட்டுவேன்.

வாங்க வருகிறவர்கள் இதைக் கறை என்பார்கள். "ஜாயின்ட்ல எல்லாம் கறையா இருக்கேம்மா" என்று மூக்கைச் சுளிப்பார்கள். எனக்குச் சுள்ளென்று வரும். கறை என்றால் சட்டையில் குழம்பு கொட்டுவது. இது நெருப்பு நடந்துபோன தடம். ஆனாலும் பதில் பேசாமல் தலையை ஆட்டிவைப்பேன், வியாபாரம் ஆயிற்றே.

அந்த நிறத்தில் எனக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் உண்டு. வெல்டிங் அடிக்கிறவர் கை ஒரே வேகத்தில் போனால் நிறம் பொன்னாக நிற்கும். கை தயங்கினால் சூடு தேங்கி நீலம் ஏறும். ஒரே இடத்தில் நின்றுபோனாலோ நடுங்கினாலோ சாம்பலும் கருப்புமாகி, உலோகம் பொரிந்துபோகும். ஆக, நான் துடைக்க உட்காரும்போது என் முன்னால் இருப்பது என் வீட்டுக்காரருடைய அன்றைய நாள். அவருடைய அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம் அவர் அடித்த ஜன்னல் கம்பியெல்லாம் கத்தரிப்பூ நிறம். என் தங்கை கல்யாணத்துக்குப் போவதா வேண்டாமா என்று நாங்கள் சண்டை போட்ட மறுநாள், ஒரு மாடிப்படிக் கைப்பிடி முழுக்க நீலம்.

"இன்னாய்யா, என் மேல கோவத்த எல்லாம் கைப்பிடில காட்டியிருக்கியா?" என்று கேட்டேன்.

"கோவமாவது ஒண்ணாவது. கரண்ட் ஏறி எறங்கிகினு கீது" என்று மின்சார வாரியத்தின் மேல் பழியைப் போட்டார். மனுஷன் வாயால் சொல்லாததையெல்லாம் கை சொல்லிவிடும். அதை நான் படித்துவிட்டுத் துடைத்துவிடுவேன், வெளியே போகும்போது எல்லாம் ஒரே வெள்ளை.

இவ்வளவு அழகை விட்டுவைக்கலாமே என்று தோன்றும். விடக் கூடாது. நிறம் எழும்பின இடத்தில்தான் முதலில் துரு பிடிக்கும். எவர்சில்வருக்குள் குரோமியம் என்று ஒன்று கலந்திருக்கிறது. பக்கத்து ஊர் குரோம்பேட்டைக்குப் பேர் வந்ததும் அந்தச் சரக்கை வைத்துத்தான், அங்கே தோல் பதனிட்டார்கள். இங்கேயும் அது தோல் வேலைதான் பார்க்கிறது. காற்றோடு சேர்ந்து தகட்டின் மேல் கண்ணுக்கே தெரியாத ஒரு தோலைப் போர்த்துகிறது. அந்தத் தோல் இருக்கிற வரைக்கும் தண்ணீரும் உப்பும் புளியும் ஒன்றும் செய்ய முடியாது. வெல்டிங் சூட்டில் அது கெட்டுப்போகிறது, அடியில் இருக்கிற குரோமியமும் குறைந்துபோகிறது. நாம் நிறம் என்று ரசிப்பது கெட்டுப்போன தோலை. அதை உரித்து எடுத்தால்தான் புதுசு வளரும்.

உரிப்பதற்கு ஒரு பேஸ்ட் உண்டு. பார்க்கப் பல் விளக்குகிற பேஸ்ட் மாதிரி சாதுவாக இருக்கும், ஆனால் அத்தனையும் ஆசிட். உடம்பில் பட்டால் மேலே எரிச்சல் தெரியும் முன்பே உள்ளே எலும்பு வரை இறங்கிவிடும். அதனால் முட்டி வரை ரப்பர் கையுறை, முகத்துக்கு முன்னால் பிளாஸ்டிக் மறைப்பு, வெயில் காலத்திலும் ரெயின்கோட். எதிர்வீட்டு அக்கா பால் வாங்கப் போகிறபோது, "இன்னாடி, இன்னிக்கி எந்தக் கிரகத்துக்குப் பயணம்?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார். பேஸ்ட்டைப் பூசி, ஊறவிட்டு, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவினால் நிறம் போய்விடும். கழுவின தண்ணீரைச் சுண்ணாம்புத் தொட்டியில் பிடித்து, ஆசிட் வேகம் செத்த பிறகுதான் வெளியே விடுவேன்.

என்னை அடியோடு சாய்த்தது அதற்கு அடுத்தது. கழுவின பிறகு எதைப் பூசுவீர்கள் என்று எல்லோரும் கேட்பார்கள். ஒன்றுமே பூசுவதில்லை. காற்றில் சும்மா வைத்தால் போதும். தோல் தானே வளரும். யாரும் கீறினால் கீறின இடத்திலும் தானே வளரும். இதை முதன்முதலில் போனில் ஒரு வீடியோவில் பார்த்துத் தெரிந்துகொண்ட நாள், சமையல்கட்டில் சாம்பார்க் கரண்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நான் தினமும் தேய்க்கத் தேய்க்க, இதுவும் தினமும் சத்தமில்லாமல் தன்னைப் போர்த்திக்கொண்டே இருந்திருக்கிறது. ஏசப்பா, இப்படியும் ஒன்றைப் படைத்து எங்கள் கையில் கொடுத்திருக்கிறாயே என்று கண் கலங்கிவிட்டது. சாம்பார் அடிப்பிடித்தது வேறு விஷயம்.

இந்த வேலையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. இரும்பு பிரஷ்ஷால் எவர்சில்வரைத் தொடக் கூடாது. தொட்டால் இரும்புத் துகள் தகட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு, அங்கிருந்தே துருப் பிடிக்கும். என்னுடைய பிரஷ்கள் எவர்சில்வர் கம்பி வைத்தவை. அவற்றைத் தனியாக ஒரு டிரங்குப் பெட்டியில் பூட்டி, சாவியை இடுப்பில் செருகியிருப்பேன். கேட் வேலைக்கான இரும்பு பிரஷ்கள் ஷெட் சுவரில் தொங்கும். ஒருமுறை கூலிக்கு வந்த ஆள் ஒருவர் இரண்டையும் மாற்றி எடுத்ததற்கு என் வீட்டுக்காரர் போட்ட சத்தம் திருநீர்மலைக் கோயில் வரைக்கும் கேட்டிருக்கும். நானும் சும்மா இருக்க மாட்டேன். வேலை முடிந்த சாமான் மேல் ஈரத்துணியைப் போர்த்தி ஒரு ராத்திரி விடுவேன். இரும்பு ஒட்டியிருந்தால் காலையில் பழுப்புப் புள்ளி காட்டிக்கொடுத்துவிடும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில், போன மழைக்காலத்தில் அவர் வண்டியிலிருந்து விழுந்தார். ரோட்டில் தண்ணீர் தேங்கியிருந்தது, அடியில் பள்ளம் இருந்தது, அவ்வளவுதான் கதை. வலது கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எலும்பின் மேல் ஒரு பட்டை, அதில் வரிசையாக ஸ்க்ரூ.

"இது இன்னா டாக்டர், இரும்பா?" என்று கேட்டேன்.

"ஸ்டீல்தாம்மா. ஸ்டெயின்லெஸ்."

"உள்ளே ரத்தம், தண்ணி எல்லாம் இருக்கே. துருப் பிடிக்காதா?"

டாக்டர் சிரித்துவிட்டு, "அதுக்குன்னு சுத்தம் பண்ணித்தாம்மா அனுப்புவாங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யாரோ ஒருத்தர் என்னை மாதிரியே உட்கார்ந்து இதைக் கழுவியிருக்கிறார், கண்ணுக்குத் தெரியாத அந்தத் தோல் இப்போது என் வீட்டுக்காரரின் உடம்புக்குள் அவர் எலும்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நான் எக்ஸ்ரேயையே பார்த்துக்கொண்டு நின்றதில், அவர்தான் என் முந்தானையை இழுத்து வெளியே கூட்டிவந்தார்.

எலும்பு கூடிவிட்டது. ஆனால் கை பழைய கையாக வரவில்லை. டம்ளரைப் பிடித்தால் நடுங்கும். சட்டைப் பொத்தான் போட முகம் வியர்க்கும். பந்தை அழுத்து, வெந்நீரில் விடு என்று டாக்டர் சொன்னதையெல்லாம் செய்தார். ஆர்கான் வெல்டிங்குக்கு நடுங்காத கை வேண்டும். தீ இருக்கிற முனைக்கும் தகட்டுக்கும் நடுவே அரிசி மணி அளவு இடைவெளி, அதைக் கடைசி வரை மாறாமல் வைத்திருக்க வேண்டும். மிஷின் மேல் பழைய போர்வையைப் போட்டு மூடிவைத்தார். அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பாமலே ஷெட்டுக்குள் நடந்தார். வருகிற வேலையை வெளி ஆளை வைத்துச் செய்தோம், அந்த ஆள் அடிப்பதை இவர் ஸ்டூலில் உட்கார்ந்து பார்ப்பார்.

அவருடைய அண்ணன் பெருங்களத்தூர் பக்கம் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டிகளுக்கு மேலாளாக இருக்கிறார். நல்ல மனுஷன். "மாசம் பொறந்தா ஒரு இடம் காலியாவுது. வந்துடு. கேட்டாண்ட உக்காந்துகினா போதும்" என்று போனில் சொன்னார். என் வீட்டுக்காரர் முடியாது என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அந்த வேலையில் ஒரு தப்பும் இல்லை, வாங்குகிற சம்பளம் வீட்டுக்கு ஆகும். ஆனால் தாம்பரத்துக்கு இந்தப் பக்கம் எந்த ஓட்டலுக்குள் போனாலும் முதலில் கல்லா மேஜையின் ஜாயின்டைத் தடவிப் பார்க்கிறவர் அவர். அவரை ஒரு கேட் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்காரவைப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அப்போதுதான் சிட்லபாக்கத்திலிருந்து ஒரு அக்கா வந்தார். ஏரிக்குப் பக்கத்தில் டிபன் கடை போடப் போகிறாராம். தட்டுத் தட்டாக உள்ளே தள்ளுகிற இட்லிப் பெட்டி ஒன்று வேண்டும் என்றார். "உள்ளே நாள் பூரா ஸ்டீம் இருக்கும். ஒரு பாயின்ட்ல கூட ரஸ்ட் வரக் கூடாது. உங்க ஃபினிஷிங் நல்லா இருக்கும்னு கேள்விப்பட்டுத்தான் வந்தேன்" என்றார். நான் வெளி ஆளுக்குப் போன் போட எடுத்தேன். என் வீட்டுக்காரர் ஸ்டூலிலிருந்து எழுந்து வந்து, "நான் பண்ணித் தரேன்க்கா" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அந்த அக்கா போன பிறகு என் வீட்டுக்காரர் என்னிடம் சொன்னார். "இத பாருமே. இந்தப் பொட்டி ஒயுங்கா வந்துச்சின்னா நான் வெல்டரு. வர்லன்னா மிஷின குடுத்துட்டு அண்ணங்கிட்ட போய்டறேன். அதுக்கப்பறம் இதப் பத்தி நீயும் பேசக் கூடாது, நானும் பேச மாட்டேன்." அவர் சொல்வதற்கு லேசில் தலையாட்டாத நான் அன்றைக்குத் தலையாட்டினேன்.

தகட்டை வெட்டி மடிக்கும் வரை நானும் கூட இருந்தேன். வெல்டிங் அன்றைக்கு, "நீ வூட்டுக்குப் போ. நீ நின்னா எனக்குக் கை ஓடாது" என்று அனுப்பிவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கினார். வீட்டில் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. ஜெபம் செய்தேன், வெங்காயம் உரித்தேன், இரண்டுக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. சாயங்காலம் வந்தவர் சாப்பிட்டுப் படுத்துவிட்டார், நானும் கேட்கவில்லை.

காலையில் பேஸ்ட் டப்பாவோடு ஷெட்டுக்குப் போனால், பெட்டி பளபளவென்று நிற்கிறது. ஜாயின்டில் ஒரு துளி நிறம் இல்லை.

"யோவ், இத யாரு தொடச்சது?"

"நான்தான். உனக்கு எதுக்கு செரமம், ஆசிட்டுல கைய வுட்டுகினு."

இத்தனை வருஷத்தில் அவர் ஒரு நாளும் துடைத்ததில்லை. எனக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும்? ஆனால் நான் என்ன நினைத்தேன் தெரியுமா, அடிபட்டுக் கிடந்து எழுந்த மனுஷனுக்குப் பெண்டாட்டி மேல் பாசம் பொங்கிவிட்டது என்று நினைத்தேன். எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிட்டுப் பெருமையாகச் சொல்லிவேறு வைத்தேன். "குடுத்து வெச்சவடி நீ" என்றார் அவரும். வெட்கத்தோடு பெட்டியைக் கழுவி, பழக்கப்படி ஈரத்துணியைப் போர்த்திவிட்டு வந்தேன்.

மறுநாள் விடிந்ததும் துணியைத் தூக்கினேன். ஒவ்வொரு ஜாயின்ட் ஓரமும் கடுகைத் தாளித்துக் கொட்டின மாதிரி பழுப்புப் புள்ளி. சுவரில் தொங்கின இரும்பு பிரஷ்ஷை எடுத்துப் பார்த்தேன். துருவேறிக் கிடந்த அதன் கம்பி நுனியெல்லாம் புதுசாகத் தேய்ந்து மின்னின. அடப்பாவி மனுஷா! ஊரையே கூட்டித் திட்டினது நீதானேய்யா என்று கத்த வாயைத் திறந்தேன்.

கத்தவில்லை, ஏனென்றால் அதற்குள் புரிந்துவிட்டது. என் பிரஷ் வேண்டுமென்றால் என்னிடம் சாவி கேட்க வேண்டும். சாவி கேட்டால் எதற்கு என்று கேட்பேன். நான் வந்து நிறத்தைப் பார்த்தால் அவர் கையைப் படித்துவிடுவேன். தகடு பாழானாலும் பரவாயில்லை, இவள் கண்ணில் அது படக் கூடாது என்று, தெரிந்தே, அந்த நடுங்குகிற கையால் இரும்பு பிரஷ்ஷை எடுத்துத் தேய்த்திருக்கிறார். இத்தனை நாள் நான் விளையாட்டாகப் படித்துக்கொண்டிருந்த ஒன்றுக்கு இந்த மனுஷன் இவ்வளவு பயந்திருக்கிறார்.

போனில் டார்ச்சைப் போட்டுக்கொண்டு பெட்டிக்குள் தலையை விட்டேன். உள் மூலைகளில் பிரஷ் எட்டவில்லை, நிறம் அப்படியே இருந்தது. நான் பார்த்ததை எப்படிச் சொல்வேன்? கொஞ்ச தூரம் நீலம், அப்புறம் கருப்பு, கருப்பில் சர்க்கரை சிந்தினது போலப் பொரிந்த உலோகம். அங்கே கை நின்றுவிட்டது. திரும்ப ஆரம்பித்திருக்கிறார், திரும்பக் கருப்பு. மூலைக்கு மூலை அதே கதை. ஒவ்வொரு இடத்திலும் வெல்டிங் கண்ணாடியைத் தூக்கி, கையை உதறிவிட்டு, மறுபடியும் குனிந்தவர் எனக்குத் தெரிந்தார். அழுதுகொண்டே பார்த்துக்கொண்டு போனேன்.

அடியில், ஆவிக்கான தண்ணீர்த் தொட்டி பெட்டியோடு சேருகிற மூலையில், டார்ச் ஒரு இடத்தில் மின்னியது. ஒரு சாண் நீளம்கூட இருக்காது. பொன். சுத்தமான பொன், ஓரத்தில் வைக்கோல் மஞ்சள், ஒரு இடத்திலும் அலுங்கவில்லை. விபத்துக்கு முன்னால்கூட இவ்வளவு சீராக அவர் அடித்து நான் பார்த்ததில்லை. அதைத் தாண்டியதும் மறுபடியும் கருப்பு. ஏசப்பா, கை எங்கேயோ இருக்கிறது, ஓடிப்போகவில்லை என்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்த மூலையை அடிக்க எப்படி உட்கார்ந்திருப்பார் என்று நானே குனிந்து கையை வைத்துப் பார்த்தேன். அந்த இடத்தில் மட்டும் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தொட்டி விளிம்பின் மேல் படிந்து நின்றது. மற்ற இடமெல்லாம் கை அந்தரத்தில்.

அவர் வந்தார். துணி விலகியிருப்பதைப் பார்த்தார், புள்ளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சொல்லிட்டேன் இல்ல, அண்ணங்கிட்ட போறேன்னு" என்று திரும்பிவிட்டார்.

"யோவ், நில்லு. போறதுக்கு முன்னாடி உள்ள தலைய வுட்டுப் பாரு."

"இன்னாத்தப் பாக்கச் சொல்ற? நான் அடிச்சது எனக்குத் தெரியாதா?"

"தெரியாது. பாருய்யான்றேன்ல."

நான் டார்ச் பிடித்தேன், அவர் பெட்டிக்குள் தலையை விட்டார். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது, பெட்டிக்குள் கேட்டதால் யாரோ பேசுவது போல இருந்தது. "இது நான் அடிச்சதா?"

"இல்ல, எதிர்வீட்டு அக்கா அடிச்சாங்க. யார்யா இங்க வேற கீறாங்க? இப்ப எங்கிட்ட இன்னாத்த மறைக்கணும் உனக்கு? ஆஸ்பத்திரில பெட்பேன் வெச்சவ நானு. கை நடுங்குதுன்னா நடுங்கட்டும். கைக்குக் கீழ ஒண்ணு குடுத்தா நடுங்கல. கண்ணால பார்த்துகினு கீறேன்."

அவர் தலையை வெளியே எடுத்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். "மணல் கீதா?" என்று கேட்டார்.

அவருடைய பழைய ஜீன்ஸ் காலை வெட்டித் தைத்து மணலை நிரப்பினேன். கையைப் படியவைத்தால் அழுந்தி இடம் கொடுக்கிற பதம் வரும் வரை மணலைக் கொட்டியும் குறைத்தும் பார்த்தோம். கெட்ட ஜாயின்டையெல்லாம் அவர் கிரைண்டரால் அறுத்து எடுத்தார். இரும்பு ஒட்டின இடத்துக்கெல்லாம் நான் பேஸ்ட் போட்டு உரித்தேன். பெட்டி மறுபடியும் பிரிந்த தகடுகளாயிற்று. அப்புறம் அவர் மிஷினைப் போட்டார். இந்த முறை வீட்டுக்குப் போ என்று சொல்லவில்லை. இன்னொரு வெல்டிங் கண்ணாடியை எடுத்து என் கையில் கொடுத்தார்.

இவ்வளவு வருஷமாக ஆறிப்போன நிறத்தைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அது பிறப்பதைப் பார்த்ததில்லை. கறுப்புக் கண்ணாடி வழியாக உலகமே இருட்டு, நடுவில் ஒரு சின்ன வெளிச்சம், அதன் அடியில் உருகின உலோகம் ஒரு துளி கண்ணீர் அளவுக்குத் தளும்பிக்கொண்டு நகர்ந்தது. மணல் மூட்டை மேல் அவர் கை படிந்து, ஊர்ந்து போனது. எனக்கு மூச்சு விடவே பயமாக இருந்தது, என் மூச்சு பட்டுக் கை அசைந்துவிடுமோ என்று. அவர் மட்டும் சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார், அது எனக்குக் கேட்டது.

மூலை வந்ததும் தீயை நிறுத்தினார். நான் கண்ணாடியைத் தூக்கினேன். சிவப்பு அடங்கிக்கொண்டிருந்தது. அது அடங்க அடங்க, ஒன்றுமில்லாத இடத்திலிருந்து நிறம் எழும்பி வந்தது. முதலில் ஒரு வெளிறின மஞ்சள், அது கனிந்து பொன். இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும், ஒரு இடத்தில்கூட நீலம் ஏறாமல், பொன். காற்று ஒரு பக்கம், நெருப்பு ஒரு பக்கம், நடுவில் ஒரு மனுஷனுடைய கை. வேறு எதுவும் அங்கே இல்லை. நான் முட்டி போட்டுவிட்டேன். கோயிலில்கூட நான் இப்படி விழுந்து கும்பிட்டதில்லை என்றால் ஃபாதர் கோபித்துக்கொள்வார், ஆனால் அதுதான் உண்மை.

பெட்டி முழுவதையும் அடித்து முடித்தபோது மறுநாள் மத்தியானம் ஆகிவிட்டது. எல்லா ஜாயின்டும் அப்படியே வந்திருந்தன. இடையே ஓரிரு இடத்தில் கத்தரிப்பூ, அதற்கு நான் வாயே திறக்கவில்லை. பேஸ்ட் டப்பாவை எடுத்து வந்து, கையுறை மாட்டி, மறைப்பை இறக்கி, ஈரப் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு பெட்டி முன்னால் உட்கார்ந்தேன். கை வரவில்லை. எத்தனையோ கைப்பிடி, எத்தனையோ மேஜை துடைத்திருக்கிறேன். இதைத் துடைத்தால் அவர் கை திரும்பி வந்ததற்கு உலகத்தில் ஒரு சாட்சியும் இருக்காது.

"இன்னாமே, பார்த்துகினே உக்காந்துட்ட?"

"ஒரு பக்கம் மட்டும் வுட்டுடலாமாய்யா? வெளிப் பக்கம்தானே. யாருக்குத் தெரியும்?"

"பைத்தியமா உனக்கு? ஜனங்க துன்ற இட்லி வேவுற பொட்டி. தொட." அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு, "போனா போவுது. வேற அடிச்சிக்கலாம்" என்றார்.

நான் பேஸ்ட்டைப் பூச ஆரம்பித்தேன். பொன்னின் மேல் வெள்ளையாக அது படர்ந்தது. எனக்குப் பின்னால் அவர் போனில் நம்பரைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"அண்ணே, நான்தான். அந்தக் கேட்டு வேலைக்கு வேற ஆள பாத்துக்கண்ணே. இல்லண்ணே, கோவம்லாம் இல்ல. எனக்கு இங்க வேலை கீது."

தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டேன். பேஸ்ட்டோடு பொன் கரைந்து ஓடியது, ஜாயின்ட் வெள்ளையாக நின்றது. மறைப்புக்குள் என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. கையெல்லாம் ஆசிட், துடைக்க முடியாது. அது பாட்டுக்கு ஓடட்டும் என்று விட்டுவிட்டு அடுத்த ஜாயின்டுக்குப் போனேன்.